படகில் ஒரு மலசலகூடம்

கோடை பிறந்தால் எம்மவரிற் பலர் தூண்டிலும் கையுமாக ஒன்ராறியோ ஏரிக்கரைக்குப் புறப்பட்டுவிடுவது வழக்கம். கரையில் நிற்பது போதாதென்று சொந்தமாகப் படகு வாங்குவோரும் உளர். அவர்களுள் நாங்களும் சேர்த்தி. நாங்கள் என்றால், ஸ்காபரோவில் ஒரே தொடர்மாடியில் வசிக்கும் மூன்று குடும்பத்தினர். படகு வாங்கிய பெருமையைப் பறைசாற்ற இதனை எழுதவில்லை. அப்படகிலிருந்த மலசலகூடம் எங்களுக்குத் தந்த தலையிடியையும், அதன் காரணமாக நாங்கள் செய்த ஒரு பிழையையும் சொல்வதற்கே எழுதுகிறோம். பத்திரிகையில் எழுதத்தக்க விடயமா இது என்று முகஞ் சுழிப்போர் இருக்கலாம். படகு வாங்க எண்ணியிருக்கும் வேறு குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டோம்.

2014ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், இருபத்தாறு அடி நீளமான பழைய படகொன்று ஒன்பதாயிரம் டொலருக்கு விலைக்கு வந்தது. வீட்டுக்கு மூவாயிரமாகப் போட்டு வாங்கினோம். அத்தனை பணத்தைத் தண்ணீரில் போடுவதா என்ற விவாதம் மூன்று வீட்டிலும் நடந்தது. முடிவைத் தீர்மானித்தவர் மாமா. எங்களுள் ஒருவரின் மாமனாராகிய அவர், எல்லோருக்குமே மாமாதான். குருநகரில் முப்பது வருடம் கடற்றொழில் செய்தவர். நாட்டை விட்டு வெளியேறி, மண்டபம் முகாமிலும் பின்னர் திருச்சியிலும் காலந்தள்ளி, 2012இல் மகளின் பொறுப்பில் இங்கு வந்து சேர்ந்தவர். வந்த நாள்முதல் பதினோராம் மாடி யன்னலருகே அமர்ந்து, தூரத்தே நீலக்கோடாகத் தெரியும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவரது வேலையாயிற்று. “உதையோ தம்பி கடலெண்டு சொல்லுறியள்? உப்பில்லாத தண்ணி என்னெண்டு கடலாகும்?” என்று ஏளனமும் செய்வார். ஆயினும் யன்னலை விட்டு எழமாட்டார். அவருக்காகவே படகு என்று ஒருவாறு எல்லோரும் உடன்பட்டோம்.

மாமி மட்டும் ஒரு நிபந்தனை விதித்தார். படகில் கதவும் கொளுக்கியும் உள்ள மலசலகூடம் இருக்கவேண்டும். இல்லையேல் தான் ஏறப்போவதில்லை. அதற்குக் காரணம் கேட்க எவருக்கும் துணிவு வரவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1990இல் இரு பிள்ளைகளுடன் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு இரவிரவாகப் படகிற் கடந்தவர் அவர். ஆணும் பெண்ணுமாக நெருங்கியடித்து இருந்த அந்தப் படகில் பெண்கள் பட்ட அவதியைப் பற்றி அவர் ஒரேயொரு தடவைதான் எங்கள் பெண்களிடம் வாய் திறந்திருக்கிறார். புறப்படுவதற்கு முதல்நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாராம். இதற்கு மேல் நாங்கள் எழுதுவது முறையன்று. அவ்வழியே வந்த வாசகர்கள் அறிவார்கள்.

படகை விற்றவர் நல்ல பேச்சுக்காரர். மலசலகூடத்தைத் திறந்து காட்டி, அதன் கீழே தரைப்பலகையை உயர்த்தி, பித்தளை வால்வு ஒன்றையும் காட்டினார். குழாய் அங்கே இரண்டாகப் பிரிகிறது. கைபிடியை ஒரு பக்கம் திருப்பினால் கழிவு தாங்கிக்குள் போகும். மறுபக்கம் திருப்பினால் படகின் அடிப்பாகத்துத் துவாரம் வழியே நேராக ஏரிக்குள் போகும். “தாங்கி நிறைந்தால் இருட்டிய பின் திருப்பிவிடுங்கள், எவரும் பார்க்கப்போவதில்லை” என்றார். அதனை ஒரு வசதியாகவே நாங்கள் எண்ணினோம். சட்டத்துக்குப் புறம்பான பொருளொன்றை எங்கள் தலையிற் கட்டுகிறார் என்பது அப்போது உறைக்கவில்லை. எங்களுள் இருவர் படகோட்டும் அட்டை எடுத்திருந்தார்கள். 2009 செப்ரெம்பருக்குப் பின் இயந்திரம் பூட்டிய உல்லாசப் படகை ஓட்டும் எவரும் அதை வைத்திருக்கவேண்டும் என்பது விதி. அந்தப் பரீட்சைக்குப் படித்தவர்கள் கலங்கரைக் குறிகளையும் மிதவைகளின் நிறங்களையும் மனனஞ் செய்தார்கள். கழிவு பற்றிய பக்கத்தைக் கண்ணால் மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பிழை நடந்தது அவ்வாண்டு யூலை மாதத்தில். பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஒன்பது பேர் இரு நாட் பயணம் போனோம். தாங்கியோ எழுபது லீற்றர்தான் கொள்ளும். கைப்பம்பியை அடித்துக் கழுவும்போது ஒரு தடவைக்குக் குறைந்தது இரண்டு லீற்றர் போய்விடும். முப்பத்தைந்து தடவையோடு சரி. இந்தச் சின்னக் கணக்கை நாங்கள் புறப்படுமுன் போட்டுப் பார்த்திருக்கவில்லை. சனிக்கிழமை இரவு பம்பியின் பிடி இறுகிற்று, நாற்றமும் எழுந்தது. ஒரு குடாவில் நங்கூரம் போட்டு நின்றிருந்தோம். பிள்ளைகள் உறங்கிய பின் ஆண்கள் கூடிக் குசுகுசுத்தோம். “கடல் எல்லாத்தையும் தின்னும், திருப்பிவிடுங்கோ” என்றார் மாமா. திருப்பிவிட்டோம். யார் கையால் திருப்பப்பட்டது என்பதை எழுதவேண்டியதில்லை, அத்தனைபேரும் உடந்தை.

மறுநாட் காலை நாங்கள் விழிப்பதற்கு முன்னமே பிள்ளைகள் மிதவை அங்கிகளை மாட்டிக்கொண்டு அதே தண்ணீரில் குதித்துவிட்டார்கள். காற்றில்லாத இரவு. தண்ணீர் அசையாமற் கிடந்தது. ஏறுங்கள் ஏறுங்கள் என்று நாங்கள் கத்தியதற்குக் காரணம் தெரியாமல் அவர்கள் சிரித்துக்கொண்டு இன்னும் தூரம் நீந்தினார்கள். சின்னவன் வாய்நிறையத் தண்ணீரை எடுத்து அக்காவின் மேல் உமிழ்ந்தான். அந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டகலவில்லை. தெய்வாதீனமாக ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆயினும் அடுத்த ஒரு வாரம் எந்தப் பிள்ளை வயிற்றைத் தடவினாலும் எங்களுக்கு நெஞ்சு இடித்தது.

விடயம் மாமிக்குத் தெரியவந்தபோது அவர் ஏசவில்லை. மாமாவைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டார். “உப்பில்லாத தண்ணி கடலில்லை எண்டு சொன்னது ஆர்?” மாமா பேசாதிருந்தார். “வீட்டிலை பைப்பைத் திறந்தால் வாறது எங்கத்தைத் தண்ணி? கிணத்துக்குள்ளை ஆரும் இருப்பினமோ?” என்றுவிட்டு மாமி எழுந்து போய்விட்டார்.

இதற்குப் பதில் எங்களிடம் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் அடியிலுள்ள நீர்தான் குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் ஐம்பதடியாவது இடைவெளி வேண்டுமென்று சுகாதாரப் பரிசோதகர் வேலிக்கு வேலி சொல்லித் திரிந்த ஊரில் வளர்ந்தவர்கள் நாம். கிணற்றடியிற் செருப்பும் போடாதவர்கள். இங்கு ரொறன்ரோவின் குடிநீர் முழுவதும் ஒன்ராறியோ ஏரியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நகரின் கிழக்கே, குவீன் வீதி முடியும் இடத்தில் அரண்மனைபோல் எழுந்து நிற்கும் ஹரிஸ் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பலர் கண்டிருப்பீர்கள். 1941இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையம், கரையிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்திலிருந்து ஏரியின் அடிநீரை உறிஞ்சிச் சுத்திகரித்து வழங்குகிறது. நாங்கள் நங்கூரம் போட்டு நின்ற இடமும் அதே ஏரிதான். அந்த நீரிற் குளோரின் கலப்பதும் ஏதோ ஆடம்பரத்துக்கன்று. நகரின் கழிவு ஏரிக்குப் போய், அதே ஏரியின் நீர் வீடுகளுக்குத் திரும்பிய காலத்தில் இந்நகர மக்கள் நெருப்புக் காய்ச்சலால் செத்திருக்கிறார்கள். 1910இல் குளோரின் கலக்கத் தொடங்கிய பின்னரே அது தணிந்தது. சுத்திகரிப்பு இருக்கிறதுதானே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். குளிக்கும் பிள்ளையின் வாய்க்கும் ஏரிக்கும் இடையில் எந்தச் சுத்திகரிப்பும் இல்லை.

நிற்க. சட்டம் என்ன சொல்கிறது என்பதை அதன் பின்னரே ஆறுதலாக உட்கார்ந்து படித்தோம். ஒன்ராறியோவின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உல்லாசப் படகுகளின் கழிவு குறித்து ஓர் ஒழுங்குவிதி உண்டு, 343ஆம் இலக்கத்தது. படகிலிருந்து மலசலக் கழிவை மாகாண நீர்நிலை எதனுள்ளும் விடலாகாது. மலசலகூடம் இருக்கும் படகில் கழிவைச் சேர்த்து வைக்கும் தாங்கி இருக்கவேண்டும். அத்தாங்கியிலிருந்து கழிவு வெளியேறுவதற்கு, படகின் மேற்தளத்தில் பூட்டிய மூடியொன்றின் ஊடாகக் கரையிலுள்ள பம்பி உறிஞ்சியெடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கக்கூடாது. இந்தக் கடைசி வரிதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. வால்வைத் திருப்பியது மட்டும் குற்றமன்று. திருப்பக்கூடிய வால்வு படகில் இருந்ததே குற்றம். கப்பல்களுக்கான சர்வதேச உடன்படிக்கையில், சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து பன்னிரண்டு கடல்மைலுக்கு அப்பால் விடலாம் என்றுண்டு. மாமா இளமையில் அறிந்த கடலுக்கு அது பொருந்தலாம். இந்த ஏரியின் நட்டநடுவில் நின்றாலும் இங்கு அனுமதியில்லை. எதிர்க்கரையாகிய நியூயோர்க் மாநிலத்திலும் அவ்வாறே. ஏரிக்குள் வந்த நீர் கியூபெக் வழியே கடலுக்குப் போய்த் தீர ஏறத்தாழ ஆறு வருடமாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கடல் தின்னும் என்பது போல் ஏரி தின்னாது.

இவ்விடத்தில் ஒரு நியாயமான முறைப்பாட்டையும் சொல்லவேண்டும். படகுத்துறையில் எங்களுக்கு அருகே படகு கட்டும் வெள்ளைக்காரர் ஒருவர், “பெருமழை பெய்தால் நகரமே தன் சாக்கடையை ஏரிக்குள் விடுகிறது. என் ஒரு வாளியா பெரிது?” என்று கேட்பார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. ரொறன்ரோவின் பழைய பகுதிகளில் மழைநீரும் மலநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. அடைமழையில் அவை நிரம்பி ஏரிக்கு வழிகின்றன. 2013 யூலை 8ஆம் திகதி விமானநிலையத்தில் ஒரே நாளில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியபோது நடந்ததை ஊரே அறியும். பெரிய நிலத்தடிக் குழாய்களைத் தோண்டி இதனைத் திருத்தும் வேலை வருடக்கணக்காக நடக்கிறது. நகரம் தன் பங்கைச் செய்யவேண்டும் என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் அயலவனின் குழி கிணற்றுக்குள் கசிகிறது என்பதற்காக நாமும் போய்க் கிணற்றுக்குள் இருப்பதில்லையே.

2015 வசந்தத்தில், படகு இன்னும் கரையில் கட்டைகளின் மேல் நின்றபோதே வேலையைத் தொடங்கினோம். தண்ணீரில் இறக்கிய பின் அடித்துவாரத்தில் கை வைக்க முடியாது. கடைக்காரர் ஒருவர் கேட்ட கூலி ஆயிரத்து எண்ணூறு டொலர். குழாய், மூடி, பசை எல்லாமாக ஐந்நூறுக்குள் வாங்கி நாங்களே செய்தோம். வால்வைக் கழற்றி எறிந்து, அடித்துவாரத்தை நிரந்தரமாக அடைத்தோம். மேற்தளத்துக்கு ஒன்றரை அங்குலப் பொருத்து வைத்த மூடி ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஆண்டுக்கணக்காக எவரும் திறக்காமையால் அது கல்லாக இறுகியிருந்தது. அதைக் கழற்ற மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. நாற்றத்தின் மூலம் எதுவென்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: வெந்நீரில் நனைத்த துணியால் குழாயைச் சுற்றித் துடைத்து, ஆறிய பின் துணியை முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் குழாயின் இறப்பரே கழிவை உறிஞ்சிவிட்டது. எந்த வாசனைத் திரவியமும் உதவாது, மாற்றியே ஆகவேண்டும். எங்கள் துணி நாறிற்று. மலசலகூடத்துக்கென்றே தடிப்பாகச் செய்யும் குழாய் விலை கூடியது. தோட்டக் குழாயை வைத்து ஒப்பேற்ற நினைக்காதீர்கள். தாங்கியிலிருந்து வெளியே போகும் காற்றுக் குழாயைச் சிலந்தி கூடுகட்டி அடைத்திருந்தது. காற்று உட்புக வழியின்றிக் கரைப்பம்பி உறிஞ்சத் தொடங்கினால் தாங்கி நசுங்கிப் பிளந்துவிடும் என்று பக்கத்துப் படகுக்காரர்தான் எச்சரித்தார். மேலே சொன்ன அதே முறைப்பாட்டுக்காரர்! வாய் அப்படி, கை இப்படி.

மேற்தளத்தில் ஒரே மாதிரியான மூன்று மூடிகள் இருக்கும்; ஒன்று குடிநீருக்கு, ஒன்று பெற்றோலுக்கு, ஒன்று கழிவுக்கு. எழுத்துகள் தேய்ந்திருந்தமையால் எங்களுள் ஒருவர் நன்னீர்க் குழாயைக் கழிவு மூடிக்குள் செருகப் போனார். அன்று மாலையே பிள்ளைகள் வெவ்வேறு நிறத்தில் நீர், பெற்றோல், கழிவு என்று தமிழில் எழுதி ஒட்டினார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் பயன் என்று பெருமைப்பட்டோம். பெற்றோல் என்பதற்குப் போடவேண்டிய றகரத்தில் மட்டும் தகராறு வந்தது.

பெண்கள் தாங்களே ஒரு சட்டம் இயற்றினார்கள். மெல்லிய காகிதம் மாத்திரம். அதையும் முதலில் தண்ணீர்ப் போத்தலில் போட்டுக் குலுக்கிக் கரைகிறதா என்று பார்த்தே வாங்குவது. பம்பஸும் ஈரத்துணியும் தனிப் பையில். குழம்புச் சட்டியைப் படகிற் கழுவாமல் காகிதத்தால் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவருவது. இந்தக் கடைசி விதி எந்தச் சட்டப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததன்று, மாமியினுடையது. புறப்படுமுன் எல்லோரும் கரையிலுள்ள மலசலகூடத்துக்குப் போய்வருவதும் கட்டாயம். அதனால் மட்டும் தாங்கியின் ஆயுள் ஒரு நாள் கூடிற்று.

அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம், ஸ்காபரோவின் வெண்மண் மலைகள் தெரியும் தூரத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் வேகமாக வந்த படகொன்று எங்களை நோக்கித் திரும்பிற்று. பொலிஸ் படகு. ஆயத்தமாக அட்டையை எடுக்கப் போனவரைத் தவிர மற்றவர்கள் வேடிக்கை பார்த்து நின்றோம். மாமா நிற்கவில்லை. “படுங்கோ, எல்லாரும் கீழை படுங்கோ” என்று கூவிச் சின்னவனை இழுத்துத் தன் உடலுக்கு அடியிற் போட்டுத் தளத்தில் குப்புறப் படுத்துவிட்டார். 1986 யூன் மாதம் மண்டைதீவுக் கடலில் குருநகர்த் தொழிலாளர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட நாளில் தொழிலுக்குப் போகாமல் நின்றவர் அவர். சீருடையோடு வரும் படகு அவருக்கு என்ன என்பது அந்தக் கணம்வரை எங்கள் புத்தியில் எழவேயில்லை. மாமிதான் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவி, “இஞ்சை ஒண்டுமில்லை, இது கனடா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வந்த அதிகாரி இளம் பெண். முதியவருக்குச் சுகமில்லையா, உதவி வேண்டுமா என்று முதலிற் கேட்டாள். விளக்கினோம், எவ்வளவு விளங்கியதோ தெரியாது, இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். படகோட்டும் அட்டை, ஆளுக்கொரு மிதவை அங்கி, தீயணைப்பான் எல்லாம் பார்த்தபின், மலசலகூடம் உண்டோ என்று விசாரித்தாள். தரைப்பலகையை உயர்த்திக் காட்டினோம். அடைத்த துவாரத்தையும், தாங்கியிலிருந்து மேலே போகும் ஒற்றைக் குழாயையும் மின்சூளால் பார்த்துத் தலையசைத்தாள். போன வருடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் எங்கள் நிலை என்ன என்ற எண்ணத்தில் எங்களுக்கு வியர்த்தது. அவள் தமிழ் எழுத்துகளைக் காட்டி அவை என்னவென்று கேட்டுவிட்டுப் போனாள்.

படகு தூரப் போனபின் மாமா எழுந்திருந்து முகத்தைத் துடைத்தார். “என்னத்தைத் தேடினவள்?” என்றார். சொன்னோம். சிறிதுநேரம் எங்களையே பார்த்தார். “கக்கூசைப் பாக்கவோ வந்தவள்?” என்று கேட்டுச் சிரிக்கத் தொடங்கியவர், கண்ணீர் வழியும்வரை சிரித்தார். அது முழுவதும் சிரிப்புத்தானா என்று எங்களால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அன்றுமுதல் தாங்கியை வெறுமையாக்கும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். நீளமான கையுறை அணிந்து, கரைப்பம்பியின் வாயைக் கழிவு மூடியிற் பொருத்தி அழுத்திப் பிடிப்பதும், குழாயிலுள்ள கண்ணாடித் துண்டினூடாக ஓடுவதைக் கவனிப்பதும் அவரே. சில படகுத்துறைகளில் பம்பி பழுது என்று பலகை தொங்கும்; நீண்ட விடுமுறை நாட்களில் வரிசையில் ஒரு மணிநேரம் காத்திருக்கவும் நேரும். சட்டம் போட்டவர்கள் அதைக் கைக்கொள்வதற்கான வசதியை ஒழுங்காக வைத்திருப்பதில்லை என்று எங்களுக்கு இன்றும் மனக்குறை உண்டு. மாமா முறுமுறுப்பதில்லை. புறப்படுமுன் தொலைபேசியில் விசாரித்து எந்தத் துறையில் பம்பி வேலை செய்கிறது என்று குறித்துவைக்கச் சொல்வார்.

பனிக்காலத்துக்குப் படகை மேலே ஏற்றுமுன் ஒக்ரோபரில் கடைசித் தடவை வெறுமையாக்குவது வழக்கம். முதற் தடவை உறிஞ்சியதும் நன்னீர் விட்டு ஒருமுறை கழுவி உறிஞ்சினால் போதும். பம்பிக்கு நின்ற பையன் அதோடு நிறுத்தப் போனான். மாமா கையைத் தூக்கித் தடுத்தார்.

“தெளிஞ்ச தண்ணி இன்னும் வரேல்லை. இன்னொருக்காக் கழுவச் சொல்லு தம்பி.”

மேலும் ஐந்து டொலர் கொடுத்தோம். பையன் குழாயை மறுபடியும் செருகினான். மாமா கண்ணாடித் துண்டருகே குனிந்து நின்றார்.